என் கொண்டையைப் பிடித்து இழுத்த மதினி

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. திருத்தங்கலிலிருந்து ஆனைக்குட்டம் போகிற பக்கம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொன்னால் எங்கள் கோயில் எது என்று தெரிந்துவிடும். கோயில் தெரிந்தால் ஆட்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்னைக் கண்டால் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது எட்டுப் பேராக வேண்டாம்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையோ பஸ்ஸோ, அநியாயம் என்று பட்டால் என் வாய் சும்மா இருக்காது. "இவளப் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புனதே தப்பு, இவளே ஒரு சரவெடி" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் எனக்கு மனசில்லை.

அப்போது ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், அதை அளவு பார்த்துப் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டித் தரவேண்டும். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். நானும் பக்கத்து வீட்டு மதினியும் எப்போதும் ஒரே சீட்டில் உட்காருவோம். மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவேனே தவிர, சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர்கள் வீட்டுச் சாமி வேறு, எங்கள் வீட்டுச் சாமி வேறு. எங்கள் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, அதற்கடுத்து எங்கள் வீடு.

வேன் கிளம்பியதும் நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஜெபிப்பேன். போகிற இடம் அப்படி. காலையில் போகிறவர்கள் சாயந்தரம் முழுசாகத் திரும்பினால்தான் அன்றைய நாள் நிச்சயம். மதினி என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பார். "ஏ புள்ள, கண்ணத் தொற. டிரைவர் தூங்குறானான்னு நம்மள்ல ஒருத்தராச்சும் பாக்கணும்ல" என்பார். நான் ஆமென் சொல்லி நிமிர்ந்ததும், "எனக்கும் சேத்துச் சொன்னியா?" என்று கேட்பார். சொல்லியாச்சு என்பேன். தினமும் இதே பேச்சுதான்.

எங்கள் ரூமுக்கு இரண்டு பக்கமும் கதவு. ஏதாவது ஒன்று நடந்தால் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் ஓடத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். சீசன் சூடு பிடித்ததும் ஒரு பக்கக் கதவை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். நான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "தம்பி, தீப்பிடிச்சா இங்கன உக்காந்திருக்க ஆளு எங்கிட்டு ஓட?" என்று. "ரெண்டு நாள் பொறுங்கக்கா, லோடு கிளம்பிரும்" என்றான். லோடு கிளம்பத்தான் செய்தது. போன பெட்டி நின்ற இடத்தில் அன்று சாயந்தரமே புதுப் பெட்டி வந்து நின்றது. மறுபடி கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டும் எங்க இருந்துக்கா இம்புட்டுக் கேள்வி வருது" என்று சிரித்தான். நான் உட்காருகிற இடம் அந்த அடைத்த கதவோரம். மதினிக்கு இடம் திறந்த கதவோரம்.

அது நடந்த அன்று மத்தியானம் எல்லோரும் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காலை நீட்டியிருந்தார்கள். நானும் மதினியும் மட்டும், மிச்சம் கிடக்கும் பெட்டிகளை முடித்துவிடலாம் என்று முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டோம். எதிர் ரூமுக்கு வெளியே காயப் போட்டிருந்த சரக்கில்தான் முதலில் பிடித்தது. எதனால் என்று யாருக்கும் தெரியாது. வெயிலுக்கே பிடித்ததோ என்னவோ. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அடுத்து பொறி பறந்து வந்து எங்கள் ரூம் வாசல் பக்கம் இருந்த பெட்டிகள் மேல் விழுந்தது. மதினி ஒரே தாவில் வெளியே போய்விட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும், அவர் முதுகைப் பார்த்தேன்.

நான் எழுந்தேன். அடைத்த கதவைப் பார்த்தேன். திறந்த கதவைப் பார்த்தேன், அங்கே பூச்சட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று சீறிக்கொண்டிருந்தன. பல நாள் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. முந்தானை தானாகத் தலைக்குப் போனது, கண் தானாக மூடிக்கொண்டது. "ஏசப்பா, ஏசப்பா" என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஓடவேண்டும் என்று காலுக்குத் தோன்றவே இல்லை. கம்பெனியில் தீயைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்து போயிற்று.

அப்போது என் கொண்டையை யாரோ வெறிபிடித்த மாதிரிப் பிடித்து இழுத்தார்கள்.

"கண்ணத் தொறடீ! கண்ணத் தொற, ஓடு!"

மதினி திரும்பி வந்திருந்தார். வெளியே பத்திரமாக நின்றவர், திரும்பி உள்ளே வந்திருந்தார். வலி தாங்காமல் கண்ணைத் திறந்தேன். வழியில் ஒரு பெட்டி எரிந்துகொண்டு கிடந்தது. ஒரு கையில் என் கொண்டை, மறு கையால் அந்தப் பெட்டியைத் தள்ளினார். அது நகரவில்லை. என் கொண்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினார். அப்புறம் அந்தக் கையாலேயே மறுபடி என் தலைமுடியைப் பிடித்து வெளியே வீசினார். வீசினார் என்றுதான் சொல்லவேண்டும். கருவேல முள்ளில் போய் விழுந்தேன். எனக்கு ஆன காயம் அந்த முள் கீறியதும், தலையில் ஒரு கொத்து முடி பிய்ந்து போனதும், அவ்வளவுதான்.

மதினியின் கைகளை நான் அப்போதே பார்த்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை. வாளித் தண்ணீரில் முக்கி வைத்திருந்தார், வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். நல்ல காலம், அன்று யாருக்கும் உயிர் போகவில்லை. அவரை சிவகாசிக்குக் கொண்டு போய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். எனக்கு முள்ளெடுத்து, ஊசி போட்டு, சாயந்தரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் எங்கள் சபைக்காரர்கள். வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே "ஸ்தோத்திரம்" என்பார்கள், நானும் ஸ்தோத்திரம் என்பேன். அதில் எனக்கு ஒன்றும் மாறுபாடு இல்லை. நான் உயிரோடு இருந்தேன். ராத்திரி என் பிள்ளைகள் இரண்டும் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்கொண்டதுகள். அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் யாருக்குச் சொல்வது? நடந்ததை நடந்தபடி வருகிறவர்களிடம் சொன்னேன். நின்றேன், கூப்பிட்டேன், மதினி வந்து இழுத்தார் என்று.

ஆனால் நான் சொன்னது ஒன்று, அவர்கள் வாசலைத் தாண்டும்போது கொண்டு போனது வேறு ஒன்று. இரண்டு மூன்று நாளில் அது எனக்கே திரும்பி வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீக்கு நடுவுல முட்டிபோட்டு ஜெபிச்சியாமே, தீ ரெண்டா விலகி வழி விட்டுச்சாமே" என்றார். இன்னொருவர் அதற்கும் மேலே போனார். "ஒரே ரூம்ல ரெண்டு பேரு. நம்ம புள்ளய மட்டும் ஆண்டவர் பிரிச்சு எடுத்துட்டாரு பாத்தீகளா" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள்.

பிரித்து எடுத்தாராம். எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது. "மதினி வெளிய நின்னவுக. எனக்காகத்தான் உள்ள வந்து வெந்துபோனாக" என்று குடத்தை நங்கென்று கீழே வைத்துக் கத்தினேன். "அது சரிதாம்மா, அந்தப் பொம்பளய அனுப்பி வச்சதே ஆண்டவர்தானே" என்றார்கள். சரி, அனுப்பினார் என்றே வையுங்கள். அனுப்பப்பட்டவர் மதுரையில் இரண்டு கையும் வெந்து கிடக்கிறாரே, ஒருத்தராவது பஸ் ஏறிப் போய்ப் பார்த்தீர்களா? என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போன ஒருத்தருக்காவது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அங்கிருக்கிற ஆம்பிளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கத் தோன்றியதா?

நான் மதுரைக்குப் போனேன். தீக்காய வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது ஆண்டவரிடமும் சண்டை போட்டேன். பொய் சொல்ல மாட்டேன். என்னை வெளியே இழுக்க உமக்கு அந்தக் கைதான் கிடைத்ததா, காலை முதல் இருட்டும் வரை வேலை செய்கிற அந்தக் கைதானா என்று கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் சூப்பர்வைசர் தம்பி ஒரு பையில் ஆப்பிளோடு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "உங்க சாமி உங்களக் காப்பாத்திட்டாரு, வேற என்னக்கா வேணும்? ஆபீசருக யாராச்சும் வந்து கதவு அது இதுன்னு கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லிருங்க. சாமி செஞ்சதுக்கு நன்றி சொல்லிட்டு நிம்மதியா இருங்க" என்றான். எங்கள் சாமிக்கு நான் நன்றி சொல்லவேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு அக்கறை! பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாசல் வரை கூடவே போய், அவன் வண்டியை எடுக்கிற வரை திட்டினேன். அவனும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்தான். ஆனாலும் அன்று அந்த வாயிலிருந்து "சாமி" என்ற சொல் வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் சபைக்காரர்கள் சொன்னதும் அவன் சொன்னதும் கடைசியில் ஒன்றாகத்தான் வந்து நின்றது. இரண்டிலும் மதினிக்கு இடமில்லை, அடைத்த கதவுக்கும் இடமில்லை.

மதினியை ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் முழங்கைக்கு மேல் வரை துணிப் பொதியாக இருந்தது. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்ட அவரால் முடியவில்லை. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏ புள்ள, உனக்குத் தலைவலி விட்டுச்சா? ரொம்ப இழுத்துட்டேன்" என்பது. ஈயை ஓட்டிக்கொண்டு நின்றேன். உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நிற்க இடமில்லை. காலையில் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

காலை, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தாலும், ஆபத்திலிருந்து தப்பினாலும் ஸ்தோத்திரக் காணிக்கையை ஒரு கவரில் போட்டு, எதற்காக என்று மேலே எழுதிக் கொடுப்பார்கள். அறிவிப்பு நேரத்தில் செயலாளர் அண்ணாச்சி அதை மைக்கில் வாசிப்பார். கோயில் மேலே நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒன்று மதினி வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துத்தான் இருக்கிறது. பரீட்சை பாஸானது, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது என்று எங்கள் சபைச் சங்கதிகள் அத்தனையும் மதினிக்கு அத்துப்படி. எனக்கு முந்தியே சில சமயம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் கவர் கொடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் தப்பி வந்த அன்று கொல்லையில் போய் நின்று அழுத மனுஷன். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தார், சபையில் எல்லோரும் செய்கிற மாதிரிச் செய்தார். மேலே எழுதியது அவரில்லை. செயலாளர் அண்ணாச்சியே எழுதிக்கொண்டாராம்.

அறிவிப்பு வந்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "நமது சபையின் அன்புச் சகோதரி, பட்டாசு ஆலையில் ஏற்பட்ட தீ விபத்தில் அக்கினியின் நடுவே நின்று ஜெபித்தபோது, கர்த்தர் அவர்களை ஒரு முடிகூடக் கருகாமல் தனியே பிரித்தெடுத்துப் பாதுகாத்தபடியினாலே, குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்." சபையில் "அல்லேலூயா" என்று ஒரு குரல். கைதட்டல்.

என் கை தானாகத் தலைக்குப் போனது. பிய்ந்த இடம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலில், அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காதைப் பொத்திக்கொள்ளக்கூட அவருக்குக் கையில்லை. எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

எழுந்து நடந்தேன். என் வீட்டுக்காரர் ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து கையைக் காட்டி உட்கார் உட்கார் என்றார். "ஆராதனை நடக்குதும்மா, அப்புறம் பேசலாம், உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. "நீங்க வாசிச்சது பொய் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

நான் பேசியது அழகான பேச்சு இல்லை. கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "ஏசப்பான்னு கூப்பிட்டது நெசம். ஆனா கண்ண மூடிக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். அங்கனயே நின்னிருந்தா இன்னைக்கு எனக்குக் கல்லறையிலதான் ஜெபம் நடக்கும். வெளிய நின்ன மதினி திரும்பி உள்ள வந்து என் கொண்டயப் புடிச்சு இழுத்தாக. ரெண்டு கையும் வெந்துபோய் இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு படுத்திருக்காக. நீங்க வாசிக்கிறது அவுகளுக்குக் கேக்குது. ரூம்ல இன்னொரு கதவு இருந்துச்சு. அதப் பெட்டி வச்சு அடச்சது ஆண்டவரில்ல, கம்பெனி. இம்புட்டையும் சேத்து எழுதி வாசிங்க. அப்புறம் நானே சத்தமா ஸ்தோத்திரம் சொல்றேன்."

மைக் எந்த இடத்தில் செத்தது என்று தெரியவில்லை. யாரோ அணைத்துவிட்டார்கள். ஆனால் என் குரலுக்கு மைக் தேவையில்லை என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

போதகர் மெல்ல முன்னால் வந்தார். வாலிப வயசு, எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். "சகோதரி ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. அவங்க மன சமாதானத்துக்காக நாம எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

மூடினார்கள். மொத்தச் சபையும் கண்ணை மூடிக்கொண்டது. அண்ணாச்சி மூடிக்கொண்டார், என் வீட்டுக்காரர் மூடிக்கொண்டார், தீ விலகியது என்று சொன்ன அந்த அக்கா இறுக்கி மூடிக்கொண்டார். நடுவில் நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். அத்தனை மூடிய கண்களையும் பார்த்தபோது எனக்கு அந்த ரூமில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. யாராவது வந்து இவர்கள் கொண்டையைப் பிடித்து இழுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே நடந்து வெளியே வந்தேன். நான் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நேரே மதினி வீடு. மனசுக்குள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அவர் அழுவார், நானும் கட்டிக்கொண்டு அழலாம் என்று போனேன். மதினி என்னைக் கண்டதும் எரிந்து விழுந்தார்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கோயிலுக்குள்ள போய் யாராச்சும் சண்ட போடுவாகளா? கம்பெனிக்காரன் காதுக்குப் போனா உன் வேலை போச்சு. நான்தான் இப்படிக் கெடக்கேன், நீயும் வீட்ல உக்காந்தா ரெண்டு வீட்டுக்கும் எவ சோறு போடுவா?"

"அவுக உங்க பேரச் சொல்லவே இல்ல மதினி."

"என் பேரச் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "நீ கத்துனது கெடக்கட்டும். எனக்குத் தலை அரிக்கு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து சீப்பே படல. இவுககிட்ட எப்படிச் சொல்ல?"

அவர் வீட்டில் இருப்பது வீட்டுக்காரரும் வளர்ந்த மகனும்தான். இரண்டு பேரும் பாவம், சோறு ஊட்டினார்கள், கட்டுக்கு மருந்து வாங்கினார்கள். பொம்பிளைத் தலையை எப்படிப் பிரிப்பது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? நான் கட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். முடி சடை பிடித்துக் கல்லாகக் கிடந்தது. கருகின நுனிகள் அப்படியே இருந்தன. முகர்ந்தால் அந்த ரூமின் புகை நாற்றம் அப்போதும் அதில் இருந்தது. இத்தனை நாளும் இந்த முடியோடு அந்த வார்டில் படுத்திருந்திருக்கிறார்.

சீப்பை எடுத்தேன். தேங்காய் எண்ணெய் நிறைய விட்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். அண்ணாச்சி மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து ஒரு சிக்கில் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. "ஆத்தாடீ!" என்று கத்தினார் மதினி. "மெல்ல இழு. பழி வாங்குறியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்தால் தோள் அசைந்து கை வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று திட்டிக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அவர் தலையில் நெற்றியை வைத்து அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாரிக்க ஆபீசர்கள் வந்தார்கள். கதவைப் பற்றி நான் சொன்னேன். அதற்கப்புறம் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் எனக்காக நிற்கவில்லை, மதினி சொன்னபடியே ஆயிற்று. கம்பெனி கொஞ்ச நாள் மூடியிருந்து மறுபடி திறந்துவிட்டது. இப்போது இரண்டு கதவும் திறந்திருக்கிறதாம். சீசனிலும் திறந்திருக்கிறதா என்று கேட்டால் அங்கே போகிற பெண்கள் பேச்சை மாற்றுகிறார்கள். நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங்குக்குப் போகிறேன். கோயிலில் அந்தக் கவரைத் திரும்ப எழுதி வாசிக்கவும் இல்லை, தப்பாக வாசித்துவிட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

போதகர் மட்டும் ஒரு நாள் மதினி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். நான் வேண்டுமென்றே ஒரு வார்த்தையும் பேசவில்லை. மதினிதான், "ஐயா, வந்ததுதான் வந்தீக, அந்தத் தண்ணிக் குடத்தக் கொஞ்சம் உள்ள தூக்கி வச்சிருங்க" என்றார். வெள்ளைச் சட்டையோடு குனிந்து தூக்கிக் கொண்டுபோய் வைத்தார். வெளியே இன்னொரு குடம் இருந்தது. சொல்லாமலே அதையும் வைத்தார். ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை, மதினியின் கையைப் பார்த்தார், போய்விட்டார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் குடங்களோடு போயிற்று. மிச்சப் பாதியை வைத்திருக்கிறேன்.

மதினிக்கு வலது கை இப்போது ஓரளவு மடங்குகிறது. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கரண்டி பிடிப்பார், துணி துவைப்பார். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சடை பின்ன மட்டும் வராது. அதனால் தினமும் காலையில் பிரஸ்ஸுக்குக் கிளம்புமுன் நான்தான் போய்ச் சீவிப் பின்னி விடுகிறேன். என் காலை ஜெபமும் அப்போதுதான். சீப்பு கையில் இருக்கும், வாய் முணுமுணுக்கும். முடித்துக் கொண்டை போட்டதும் அவர் பழையபடி கேட்பார், "எனக்கும் சேத்துச் சொன்னியா?" என்று. இப்போது நான், "உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் எனக்குச் சொன்னேன் மதினி" என்கிறேன்.

கோயிலை நான் விடவில்லை. ஏன் விடவேண்டும்? ஆண்டவர் என்ன அண்ணாச்சி வீட்டுச் சொத்தா? ஞாயிறு தவறாமல் போகிறேன், பாடுகிறேன், ஸ்தோத்திரமும் சொல்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மாறிவிட்டது. எல்லோரும் தலை குனிந்து ஜெபிக்கும்போது நான் மட்டும் ஜன்னல் வழியாக மதினி வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் ஒரு அக்கா, ஜெபத்தில் ஏன் கண்ணை மூடுவதில்லை என்று காதோரம் கடிந்துகொண்டார். "மூடுனா எனக்கு ஆகாதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வியாதி ஒன்றும் இல்லை. கூப்பிட்டது நான், கேட்டது ஆண்டவர், வெந்த கையோடு இழுத்து வெளியே போட்டது மதினி. அந்தக் கையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஸ்தோத்திரம் இன்றுவரை என் தொண்டையைத் தாண்டி வெளியே வருவதில்லை.